பன்னீர்த் திராட்சை

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் ‘கவாத்து’ என்னும் சொல்லை அறியாத தமிழர் இலர். அச்சொல்லே தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்கும் வழங்குகிறது. குளிர்நாட்டில் திராட்சைக்கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கிப் பின் தளிர்க்கும். கம்பத்தில் பனிக்காலம் ஏது? உழவரின் கத்தியே அதன் வேலையைச் செய்கிறது. கவாத்துச் செய்த ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம் அறுவடைக்கு வரும். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்துக் காலம் வேறுபடுவதால், பந்தல்களில் ஆண்டு முழுதும் பழம் காணலாம்.

இக்கருந்திராட்சைக்குப் பன்னீர்த் திராட்சை என்று பெயர். 2023இல் இது புவிசார் குறியீடும் பெற்றது. பெயர் வெறும் புகழ்ச்சியன்று. ரோசா மலரின் நறுமண எண்ணெயிலுள்ள ஜெரானியால் என்னும் பொருள் இவ்வினப் பழத்திலும் உண்டு.

நூலார் இதனை ‘மஸ்கட் ஹாம்பர்க்’ என்பர். பெயர் ஜெர்மானிய நகரத்தைக் காட்டினும், கொடி பிறந்தது இங்கிலாந்து என்பதே பெருவழக்கு. சீவர்ட் ஸ்னோ என்னும் தோட்டக்கலைஞர் 1850ஐ ஒட்டிய ஆண்டுகளில் கறுப்பு ஹாம்பர்க்கையும் அலெக்சாந்திரியா மஸ்கட்டையும் கலந்து இதனை உண்டாக்கினார் என்பர். மரபணு ஆய்வும் அவ்விரண்டையே பெற்றோராகக் காட்டுகிறது.

இங்கே ஓர் இடர்ப்பாடு எழுகிறது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832இல் இதனைத் தமிழகத்துக்குக் கொணர்ந்தார் என்று பலரும் எழுதுகின்றனர். பிறவாத கொடியைக் கொணர்வது எங்ஙனம்? மஸ்கட் மணமுள்ள வேறு கருந்திராட்சைகள் முன்னரே ஐரோப்பாவில் இருந்தன. அவர் கொணர்ந்தது அவற்றுள் ஒன்றாகலாம். ஸ்னோவுக்கு முன்பே இக்கலப்பு நிகழ்ந்திருத்தலும் கூடும். எதுவாயினும், ஆண்டையும் வகையையும் ஆராயாது இணைத்தெழுதுவது முறையன்று.

சீனத்துக்கு இக்கொடி சென்ற வழி மலேசியத் தமிழருக்கு அணித்தானது. பினாங்கில் மாளிகை கட்டி வாழ்ந்த செல்வர் சியோங் பாட் சீ, 1892இல் யந்தாய் நகரில் திராட்சைமது ஆலை தொடங்கி, ஐரோப்பியக் கொடிகளை வருவித்தார். அவற்றோடு இதுவும் வந்தது என்பர். சீனர் இதற்கு இட்ட பெயர் ‘மெய்குய்சியாங்’, அதாவது ரோசா மணம். கம்பத்து உழவர் அவரைக் கேட்டுப் பெயரிட்டாரல்லர். இரு சாராரையும் வழிநடத்தியது மூக்குத்தான்.

மதுவுக்கு நிறம் தருவது தோலே, சதைச்சாற்றில் நிறமில்லை. தோலோடு நொதிக்கவிட்டால் செம்மது. பெரும்பாலும் இனிப்பாகவே செய்வர். 1980இல் தியான்ஜின் நகரில் தொடங்கிய பிரெஞ்சு–சீனக் கூட்டு நிறுவனமோ, இக்கரும்பழத்தின் சாற்றைத் தோலினின்று பிரித்து வெண்மது செய்தது.