உள்ளே வெளியே: நேரலைச் சூதாட்டத்தின் கணக்கு

இணையச் சூதாட்டத் தளங்களில் சீட்டு விழுவதையும் சக்கரம் நிற்பதையும் தொடக்கத்தில் தீர்மானித்தது சமவாய்ப்பு எண் உருவாக்கி, அதாவது எந்த ஒழுங்கும் தென்படாத எண்களை இடைவிடாது தரும் ஒரு கணினி நிரல். கண்ணுக்குத் தெரியாத அந்த நிரலை நம்பிப் பணம் கட்டத் தயங்கியவர்களை ஈர்க்கும் பொருட்டு, உண்மையான மேசையையும் சீட்டுக்கட்டையும், அவற்றைக் கையாளும் டீலர் எனப்படும் ஊழியரையும் கேமராவின் முன் நிறுத்தும் நேரலைச் சூதாட்டம் உருவாயிற்று. 2006-இல் ஸ்வீடனில் தொடங்கப்பட்டு, லாட்வியாவின் தலைநகரான ரீகாவில் பெரிய அரங்கை அமைத்த எவல்யூஷன் நிறுவனம் இத்துறையின் முன்னணியில் இருக்கிறது.

இந்த அரங்கில் மேசை தோறும் ஓர் ஆட்டக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தப்பட்டிருக்கும். கேமராக்கள் பிடிக்கும் காட்சியை இணையத்தில் அனுப்புவதற்கேற்பச் சுருக்குவதும், மேசையில் நடப்பதைத் தரவாக மாற்றிக் காட்சியோடு இணைப்பதும் அதன் பணி. டீலர் எடுத்து வைக்கும் சீட்டு இன்னதென்பதைச் சீட்டின் மீதுள்ள எண்ணையும் சின்னத்தையும் படிக்கும் எழுத்துணரி மென்பொருளோ, சீட்டில் அச்சிட்ட பார்கோடைப் படிக்கும் வருடியோ கண்டறிகிறது. ரூலெட் சக்கரத்தில் பந்து விழுந்த குழியை உணரிகள் அறிந்து சொல்கின்றன. இவ்வாறு பெறப்பட்ட தரவைக் கொண்டே வென்றவர் கணக்கில் பணம் சேர்க்கப்படுகிறது. டீலர் எவருடைய பந்தயத்தையும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர் முன்னுள்ள திரையில் ஆட்டத்தின் நிலையும் ஆடுபவர்கள் தட்டச்சு செய்யும் செய்திகளும் தோன்ற, அவற்றுக்கு அவர் வாய்மொழியாக மறுமொழி சொல்கிறார்.

காட்சி அரங்கிலிருந்து கைப்பேசியை அடையும் வரையிலான தாமதம் இங்கே முக்கியமானது. வழக்கமான இணைய ஒளிபரப்பில் இது பல நொடிகளாக இருக்கலாம்; வெப்ஆர்டிசி போன்ற நுட்பங்கள் அதை ஒரு நொடிக்கும் கீழே கொண்டுவருகின்றன. ஆயினும் முடிவை முன்கூட்டி அறிந்தவர் பந்தயம் கட்ட இடம் தரக் கூடாது என்பதால், பந்தயத்துக்கான நேரத்தை மேசையில் உள்ள கடிகாரமன்றி நிறுவனத்தின் வழங்கிக் கணினியே முடித்துவைக்கிறது.

இந்தியச் சந்தைக்கென்றே ஐரோப்பிய நிறுவனங்கள் அரங்கேற்றிய ஆட்டங்களில் ஒன்று அந்தர் பாகர். தமிழ்நாட்டில் மங்காத்தா என்றும் உள்ளே வெளியே என்றும் நெடுங்காலமாக அறியப்படும் அதே ஆட்டம். 52 சீட்டுகளில் ஒன்றை எடுத்து நடுவில் திறந்து வைத்தபின், அதே மதிப்புள்ள சீட்டு வரும் வரை உள்ளே, வெளியே என இரு பக்கமும் மாறி மாறிச் சீட்டு போடப்படுகிறது. ஒத்த சீட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்கு வெற்றி. பார்ப்பவருக்கு இது சரிபாதி வாய்ப்பாகவே தோன்றும். ஆனால் முதல் சீட்டு உள்ளே பக்கம் விழும் வடிவத்தில், எஞ்சிய 51 சீட்டுகளில் ஒத்தவை 3 இருப்பதால், வெளியே பக்கத்துக்கு ஒரு சீட்டும் விழாமலேயே ஆட்டம் முடிந்துவிடும் வாய்ப்பு 51-இல் 3 ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே பக்கமே முந்திக்கொள்வதால், முழுக் கணக்கையும் கூட்டிப் பார்க்கையில் அதன் வெற்றி வாய்ப்பு 51.5 விழுக்காடாகவும் வெளியே பக்கத்தினது 48.5 விழுக்காடாகவும் அமைகின்றன.

அப்படியானால் எப்போதும் உள்ளே பக்கம் கட்டினால் போதுமே என்று எண்ணத் தோன்றும். அங்கேதான் பட்டுவாடா விதி குறுக்கே நிற்கிறது: வெளியே வென்றால் 100 ரூபாய்க்கு 100 ரூபாய் ஆதாயம், உள்ளே வென்றால் பெரும்பாலும் 90 ரூபாய் மட்டுமே. இதனால் கட்டும் தொகையில் சராசரியாக உள்ளே பக்கம் 2.15 விழுக்காடும் வெளியே பக்கம் 3 விழுக்காடும் நிறுவனத்துக்குச் செல்கின்றன. 37 குழிகள் கொண்ட ரூலெட் சக்கரத்தில் ஒற்றை எண்ணுக்கு 35 மடங்கு ஆதாயம் தருவதும் இதே வழிதான். அங்கே நிறுவனத்தின் பங்கு 2.7 விழுக்காடு.

ஆகவே நேரலைக் காட்சி எதற்குச் சான்று தருகிறது என்பதைத் தெளிவாகப் பிரித்தறிய வேண்டும். சீட்டு நேர்மையாகக் கலைக்கப்பட்டது, முடிவு திருத்தப்படவில்லை என்பதற்கு அது சான்றாகலாம். கருவிகளைச் சோதிக்கும் ஆய்வகங்களும் மால்ட்டா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் உரிமம் வழங்கும் அமைப்புகளும் உறுதிசெய்ய முனைவது அதையே. ஆனால் நேர்மையாகக் கலைத்த சீட்டுக்கட்டில்தான் அந்த 3 விழுக்காடு தவறாமல் விளைகிறது என்பதால், ஏமாற்ற வேண்டிய தேவையே நிறுவனத்துக்கு எழுவதில்லை. 3 விழுக்காடு சிறிய எண்ணாகத் தோன்றினாலும், நிமிடத்துக்கு ஓர் ஆட்டமாக ஒவ்வொன்றிலும் 100 ரூபாய் வெளியே பக்கம் கட்டுபவர் ஒரு மணி நேரத்தில் 6,000 ரூபாயைச் சுழற்றி, சராசரியாக 180 ரூபாய் இழக்கிறார். திரையின் ஓரத்தில் காட்டப்படும் முந்தைய முடிவுகளின் பட்டியல் இதை எவ்வகையிலும் மாற்றாது; ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கட்டு புதிதாகக் கலைக்கப்படும்போது முந்தைய ஆட்டத்துக்கும் அடுத்ததற்கும் தொடர்பில்லை.

நிரலை விலக்குவதற்காக வந்த நேரலை ஆட்டத்துக்குள் நிரல் மீண்டும் புகுந்துவிட்டதும் உண்டு. எவல்யூஷன் 2018-இல் வெளியிட்ட லைட்னிங் ரூலெட்டில் பந்து உண்மையாகவே சுழல்கிறது. ஆனால் எந்த எண்களுக்கு 50 முதல் 500 வரை பெருக்கம் கிடைக்கும் என்பதைச் சமவாய்ப்பு எண் உருவாக்கி தேர்ந்தெடுக்கிறது. அந்தப் பெரும் பரிசுகளை ஈடுகட்ட, மற்ற எண்களுக்கான ஆதாயம் 35 மடங்கிலிருந்து 29 மடங்காகக் குறைக்கப்பட்டுள்ளது.

இந்த ஆட்டங்களுக்கு இந்தியாவில் இப்போது சட்டத்தில் இடமில்லை: தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தையடுத்து, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் திறமை, வாய்ப்பு என்ற வேறுபாடு பாராமல் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்கிறது; தண்டனை நடத்துவோருக்கும் விளம்பரம் செய்வோருக்கும் பணப் பரிமாற்றத்துக்கு வழிசெய்வோருக்கும்தான், ஆடுபவருக்கு அல்ல. எனவே இத்தகைய ஆட்டங்களில் பணத்தை இழந்து மீள வழியறியாது தவிப்போரும் அவர்தம் குடும்பத்தாரும் அச்சமின்றி, 14416 என்ற டெலி மானஸ் கட்டணமில்லா மனநல உதவி எண்ணைத் தமிழிலேயே பேசி அணுகலாம்.