கல்லாப் பக்கத்தில் கெளுத்தித் தொட்டி

கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் மீன் தொட்டி வைப்பது நம் வணிகர்களிடையே பரவலாகிவிட்ட வழக்கம். சிலர் வாஸ்துவுக்காக வைக்கிறார்கள். சிலர் வாடிக்கையாளர் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று வைக்கிறார்கள். காரணம் எதுவாயினும் உள்ளே இருப்பது உயிர். பருப்பு மூட்டையைப் போல இறக்கி வைத்துவிட்டு மறந்துவிட முடியாது. இதை நாம் நட்டப்பட்டுத் தெரிந்துகொண்டோம். அந்த நட்டம் மற்ற உறுப்பினர்களுக்கு வரவேண்டாம் என்றே இதை எழுதுகிறோம்.

நமது கடையில் முதன்முதலாக வாங்கியவை எட்டுச் சிறு கெளுத்திகள். "அழுக்கைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்யும், தனியாகத் தீனி போட வேண்டாம்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். சம்பளமில்லாத வேலையாள் கிடைத்துவிட்டான் என்று நாமும் மகிழ்ந்தோம். அன்றே தொட்டி, அன்றே தண்ணீர், அன்றே மீன். அடியில் நீலமும் சிவப்புமாகச் சாயக் கல். இரண்டு வாரத்தில் ஆறு போயின. மிஞ்சிய இரண்டுக்கும் மீசை தேய்ந்து வெறும் முளையாக இருந்தது. மாதக் கடைசிக்குள் அவையும் போயின.

பிறகுதான் அந்த மீன் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கத் தோன்றியது. கோரிடோராஸ் என்பது அதன் பெயர். கிரேக்க மொழியில் தலைக்கவசம், தோல் என்னும் இரு சொற்கள் சேர்ந்தது. செதிலுக்குப் பதிலாக உடலின் இரு பக்கமும் எலும்புத் தகடுகள் இரண்டு வரிசையாக அடுக்கியிருக்கும். தென் அமெரிக்க ஆறுகளே இதற்குத் தாயகம். இதில் பல வகை உண்டு. பார்வைக்கு அழகான பாண்டா வகை பெரு நாட்டின் குளிர்ந்த ஓடைகளைச் சேர்ந்தது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது படாத பாடு படும். நம் கடைகளுக்கு ஏற்றது ஸ்டெர்பாய் வகைதான். பிரேசிலுக்கும் பொலிவியாவுக்கும் எல்லையாக ஓடும் குவாப்போரே ஆற்றுப் பகுதி மீன் அது. 1962-இல் விஞ்ஞானிகள் அதற்குப் பெயரிட்டார்கள். 2024-இல் அதை ஹோப்ளிசோமா என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டாலும், கடைகளில் பழைய பெயரைச் சொன்னால்தான் எடுத்துத் தருவார்கள். இரண்டரை அங்குலத்துக்கு மேல் வளராது. கருத்த தலையில் வெள்ளைப் புள்ளிகள், மார்புத் துடுப்பில் ஆரஞ்சு நிற முள். 28 டிகிரி வெப்பத்தையும் தாங்கும்.

அந்த ஆற்றின் அடித்தளம் எப்படியோ அப்படித் தொட்டி அமைய வேண்டும். முக்கியமானது மணல். இந்த மீன் மூக்கு வரை மணலில் புதைத்து, வாய் நிறைய அள்ளி, இரையை வைத்துக்கொண்டு மணலைச் செவுள் வழியாக வெளியே விடும். நம் வீட்டுப் பெண்கள் முறத்தில் புடைப்பது போலத்தான். கூரான கல்லில் இந்த வேலை நடக்காது, மீசைதான் புண்ணாகும். எனவே நைசான ஆற்று மணலை அரிசி களைவது போலப் பலமுறை களைந்து, ஒன்றரை அங்குல உயரத்துக்குப் பரப்ப வேண்டும். கடல் மணல் கூடாது. வாங்கிய மணலில் கிளிஞ்சல் கலந்திருக்கிறதா என்று அறிய ஒரு பிடி எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது தண்ணீரைக் கடினமாக்கும்.

இரண்டரை அடி நீளம், ஒரு அடி அகலமுள்ள தொட்டி ஆறு மீனுக்குப் போதும். ஆறுக்குக் குறைவாக வாங்க வேண்டாம். கூட்டமாக வாழும் பிராணி, தனியாக விட்டால் மூலையில் ஒடுங்கிவிடும். ஒதுங்குவதற்கு நன்கு காய்ந்த கொய்யாக் கிளையை வேகவைத்து ஊறப்போட்டு வைக்கலாம். அமேசான் வாள் செடி இரண்டு நட்டால் நிழலாகும். காய்ந்து உதிர்ந்த நாட்டு வாதுமை இலை நாலைந்து போட்டால் தண்ணீர் இளந்தேநீர் நிறத்துக்கு வரும். அந்த நாட்டு ஓடைகளிலும் இலை மக்கி இந்த நிறந்தான். வாடிக்கையாளர் "தண்ணீர் அழுக்காக இருக்கிறதே" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அடுத்தது காத்திருத்தல். வணிகருக்கு இதுவே கடினம். மீன் கழிவிலிருந்து அமோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும். இவை வடிகட்டிப் பஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் இல்லாமல் மோட்டாரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட வேண்டும். சரக்கு வராத கடைக்கு வாடகை கொடுப்பது போலத் தோன்றும். ஆனால் அந்த நுண்ணுயிர்தான் நம் முதல் இருப்பு. சோதனை மருந்தில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன் வாங்க வேண்டும். பின்னாளில் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. குளோரின் பட்டால் அத்தனை முதலும் போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்றினால் போதும்.

தீனியைப் பொறுத்தவரை அடியில் மூழ்கும் குச்சித் தீனி, கடை சாத்துமுன் சிறிதளவு. இது கழிவைத் தின்னாது, பட்டினிதான் கிடக்கும். மூடிக்கும் தண்ணீருக்கும் இடையே இரண்டு அங்குலம் இடைவெளி விடுங்கள். இந்த மீன் இடையிடையே மேலே பாய்ந்து காற்றை விழுங்கி, குடல் வழியாகவும் சுவாசிக்கும்.

மளிகைக் கடைக்காரர்கள் அவசியம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சரஸ்வதி பூஜைக்கு முந்தைய இரவு கரப்பான் மருந்து அடித்துவிட்டுக் கடையைச் சாத்தினோம். காலையில் கடைப் பையன் ஓடிவந்து, "அண்ணாச்சி, மீனு மல்லாந்து கிடக்கு" என்றான். நன்றாக வளர்ந்திருந்த ஆறில் நான்கு போயிருந்தன. மூடி போட்டுத்தான் இருந்தது. ஆனால் காற்று மோட்டார் இரவெல்லாம் கடைக்குள் இருந்த மருந்துக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் செலுத்தியிருக்கிறது. அந்த மருந்து மனிதரைவிட மீனுக்குப் பலமடங்கு கொடியது. கிட்டங்கியில் தானிய மூட்டைகளுக்கு நச்சுப் புகை மாத்திரை வைப்பவர்கள் அந்தக் கட்டடத்தில் தொட்டியே வைக்க வேண்டாம்.

இப்போது நமது கடையில் தெளிப்பு மருந்தை நிறுத்திவிட்டுக் கரப்பானுக்குப் பசை மருந்தை மட்டும் அலமாரி இடுக்குகளில் வைக்கிறோம். காற்று மோட்டாரைச் சன்னலுக்கு வெளியே மழை படாத இடத்தில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டி, குழாயை மட்டும் உள்ளே கொண்டுவந்திருக்கிறோம். தப்பிய இரண்டுடன் புதிதாக நான்கு சேர்ந்திருக்கின்றன.