உங்களுக்குத் தெரியுமா? செங்கோட்டையும் ஒரு தனிநாட்டுக்குள் போயிருக்கும்!

இலத்தூரை அடுத்த செங்கோட்டை 1949 வரை திருவிதாங்கூர் சமஸ்தானத்து மண்; பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்து மண். சக்கரம், காசு என்று அந்தச் சமஸ்தானத்துக்குச் சொந்த நாணயமும், ‘அஞ்சல்’ என்ற சொந்தத் தபால் துறையும் இருந்தன. ஊர் நுழைவு வளைவில் அதன் சங்கு முத்திரையை இன்றும் பார்க்கலாம்.

1947 ஜூனில் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர், ‘வெள்ளையர் போனதும் திருவிதாங்கூர் தனிநாடு’ என்று அறிவித்தார். துறைமுகமும் தோரியம் கொண்ட மணவாளக்குறிச்சி மணலும் கையில் இருந்த தைரியம்! ஆனால் சோற்றுக்கு அரிசி வெளியிலிருந்து வரவேண்டிய நாடு அது. இந்தியாவை விட்டு விலகி எப்படிப் பிழைக்கும்? மக்களும் கொதித்தெழுந்தார்கள். ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் திவான் வெட்டப்பட்டார், உயிர் தப்பினார். சில நாட்களிலேயே மன்னர் சித்திரைத் திருநாள் இந்தியாவோடு இணையச் சம்மதித்தார்.

எந்த மாநிலத்தில் சேர்வது என்ற அடுத்த கேள்விக்குத் தமிழர்கள் உயிரையே விலை கொடுத்தார்கள். போராடிய தமிழர்கள் மீது 1954 ஆகஸ்ட் 11 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டை மறக்கக் கூடாது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரிப் பகுதியோடு செங்கோட்டையும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. மலைக்கு அப்பாலுள்ள ஆரியங்காவு கேரளத்தில் நின்றுவிட்டது.