சைலன்சர் ஏன் ஓட்டையாகிறது?

துப்பாக்கிச் சைலன்சருக்கு 1909-இல் காப்புரிமை பெற்றவர் ஹைரம் பெர்சி மாக்சிம். வெடிவாயுவைத் தடுப்புத் தகடுகளில் மோதவிட்டு வேகத்தைத் தணிப்பதே தத்துவம். பைக்கிலும் ஏறக்குறைய அதேதான். ஆனால் சாவு வேற இடத்தில்! துப்பாக்கியில், கொதிக்கும் வாயு முதலில் மோதும் தகடு அரிபடும். பைக்கிலோ சூடு குறைந்த வால் பக்கம்.

காரணம் தண்ணீர், நண்பர்களே! 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக வருகிறது. தெருத்தெருவாக நின்று நின்று ஓட்டினால் வால் பக்கம் சூடேறாது. ஆவி தண்ணீராகி உள்ளேயே தங்கும், துருப்பிடிக்கும்.

என் அப்பா மாமல்லபுரத்தில் பைக்கில் மீன் விற்பவர். வெளியே உப்புக் காற்று வேறு. சைலன்சர் அடியிலுள்ள சிறு துளை தண்ணீர் வடியத்தான். செங்கல்பட்டில் ஒரு மெக்கானிக் அதை 'லீக்' என்று வெல்டு வைத்து அடைத்தார். ஆறே மாசம், போச்சு! மூன்று நாள் வியாபாரமும் போச்சு. புதுசில் துளை அடையாமல் ஞாயிறுதோறும் கம்பி விட்டுக் குத்துவது இப்போது என் வேலை.