கண்ணால் வழியறியும் எந்திரம்

ஓட்டுநரின்றிச் செல்லும் எந்திரம் ஒன்று, தான் எவ்வளவு தொலைவு வந்துள்ளது என்பதை எவ்வாறு அறிகிறது? சக்கரங்கள் சுழன்ற முறைகளை எண்ணினால் போதும் எனத் தோன்றலாம். ஆனால், மணலில் சக்கரம் வழுக்கினால் எண்ணிக்கை மட்டும் கூடும். எந்திரமோ நின்ற இடத்திலேயே நிற்கும். எனவேதான் அதற்குக் கண் தேவைப்படுகிறது. கேமராவே அக்கண்.

ஒரு விரலை முகத்துக்கு நேரே நிறுத்தி, இரு கண்களையும் மாறிமாறி மூடிப் பார்ப்போம். அருகிலுள்ள விரல் பெரிதும் இடம் மாறுவதாகத் தோன்றும். தொலைவிலுள்ள மரம் சிறிதே மாறும். இம்மாற்றத்தை அளந்தால் தொலைவைக் கணிக்கலாம். கல்லின் முனை, பாறையின் விளிம்பு முதலான அடையாளங்களை அடுத்தடுத்த படங்களில் தேடிப் பொருத்தியே எந்திரமும் தன் நகர்வைக் கணக்கிடுகிறது.

1979-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் மொராவெக் நிரல் எழுதி இயக்கிய வண்டி, நாற்காலிகள் நிறைந்த அறை ஒன்றைத் தானாகவே கடந்தது. அதற்கு ஏறத்தாழ 5 மணிநேரம் ஆயிற்று. ஏறக்குறைய ஒரு மீட்டர் நகரும். நின்று படங்களை ஆராயும். பின்னரே மீண்டும் நகரும்.

2021-இல் செவ்வாயில் பறந்த 'இன்ஜெனியூட்டி' உலங்கு வானூர்தியோ, தரையை நோக்கிய கேமராவால் நொடிக்கு 30 படங்கள் எடுத்தது. அவ்வாண்டு மே 22-இல் நிகழ்ந்த 6-ஆவது பயணத்தில், படம் ஒன்று கணினியைச் சென்றடையவில்லை. அதனால், பின்வந்த படங்கள் யாவும் தவறான நேரக்குறிப்புடன் சேர்ந்தன. படங்களில் குறையில்லை, அவை எடுக்கப்பட்ட நேரமே பிழைபட்டது. வானூர்தி முன்னும் பின்னும் ஊசலாடியது. எனினும், தரையிறங்கும் இறுதிக் கட்டத்தில் கேமராவை நம்பாதவாறு அதனை வடிவமைத்திருந்தமையால், அது பத்திரமாக இறங்கியது.

2024 ஜனவரி 18-இல் நிகழ்ந்த 72-ஆவது பயணமே அதற்கு இறுதியானது. கீழே அடையாளங்கள் அரிதான மணற்பரப்பு இருந்தது. பொருத்திப் பார்க்கப் போதிய புள்ளிகள் கிட்டாமையால் தன் வேகத்தைச் சரியாகக் கணிக்க இயலாமல் அது தரையில் மோதியிருக்கக்கூடும் எனப் பொறியாளர்கள் கருதுகின்றனர். அதன் சுழல் இறக்கைகள் முறிந்தன.

இவ்விரு நிகழ்வுகளும் நமக்கு உணர்த்துவது ஒன்றே: காண்பது மட்டும் வழியறிதல் ஆகாது. எதனைக் கண்டோம், எப்போது கண்டோம் என்னும் இரண்டும் வேண்டும். வகுப்பறையில் நம் மாணவரின் சிறுவண்டி வெறும் வெண்சுவரின் முன் தடுமாறினால், நிரலைத் திருத்துவதற்கு முன், அச்சுவரில் வண்டி பற்றிக்கொள்ள ஓர் அடையாளமேனும் உண்டா என்று நோக்குமாறு அவரிடம் கூறுவோம்.