கல் விழுந்தது கண்ணாடியில்... செலவு விழுந்தது யார் தலையில்?

மும்பை–புனே விரைவுச் சாலையில் பன்வேலைத் தாண்டிச் சிறிது தூரம். முன்னால் ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. தார்ப்பாய் சரியாகக் கட்டப்படவில்லை. "டக்" என்று ஒரு சத்தம். பின்னால் வந்த காரின் முன் கண்ணாடியில், இடது பக்கமாக, கடுகு வெடித்தாற்போல ஒரு புள்ளி. பின் சீட்டில் இருந்த பயணிகூட அதைக் கவனிக்கவில்லை. லாரி தன் பாட்டுக்குப் போய்விட்டது.

காரை ஓட்டி வந்தவர் தாராவியில் குடியிருக்கும் ஒரு தமிழர். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். டூரிஸ்ட் கார் முதலாளி ஒருவரிடம் மாதச் சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிறார். அந்தக் கடுகளவுப் புள்ளி, ஊருக்கு அனுப்பும் பணத்தில் கை வைக்கப் போகிறது என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

நாலே நாளில் நீண்ட கோடு

அன்று மாலையே முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னார். "நாளைக்கு ஏர்போர்ட் சவாரி இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தது. ஸ்டாண்டில் இருந்த சக டிரைவர் ஒருவர் மட்டும் புள்ளியைத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதை இன்னைக்கே அடைச்சிருங்க. நாளாச்சுன்னா கோடு ஓடிரும்" என்று எச்சரித்தார்.

நாலாம் நாள் மதியம் அதுதான் நடந்தது. வெயிலில் நின்ற வண்டியை எடுத்து ஏ.சி.யை முழு வேகத்தில் வைத்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளியிலிருந்து ஒரு கோடு கிளம்பிப் பாதிக் கண்ணாடி வரை ஓடி நின்றது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. வெளிப்புறம் வெயிலில் கொதிக்கிறது, உட்புறம் ஏ.சி. காற்றில் குளிர்கிறது. ஒரு பக்கம் விரிய, மறு பக்கம் சுருங்க, கண்ணாடி இழுபடுகிறது. ஏற்கெனவே காயம் பட்ட இடம்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றினாலும், பள்ளத்தில் வண்டி தடாலென்று இறங்கினாலும், கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கதவை ஓங்கிச் சாத்தினாலும் இதே கதைதான்.

இரண்டு கண்ணாடி, நடுவே ஒரு தாள்

காரின் முன் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி அல்ல. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பாலிவினைல் பியூட்டிரால் என்னும் பிளாஸ்டிக் தாளை வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக்குகிறார்கள். இதுவே லாமினேட்டட் கண்ணாடி. உடைந்தாலும் சில்லுகள் அந்தத் தாளிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். முகத்தில் வந்து பாயாது. பிரெஞ்சு வேதியியலாளர் எதுவார் பெனடிக்டஸ், 1903ஆம் ஆண்டில், கைதவறி விழுந்த ஆய்வுக்கூடக் குடுவை ஒன்று சிதறாமல் இருந்ததைக் கண்டு இந்த வழியைக் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். குடுவையின் உட்புறம் படிந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம்தான் சில்லுகளைப் பிடித்து வைத்திருந்தது.

பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் வேறு வகை. அவை டஃபன்டு கண்ணாடி. உடைந்தால் கற்கண்டு போலப் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். முன் பக்கத்திலும் இந்த வகையே இருந்த காலம் உண்டு. ஓடும் வண்டியில் கல் பட்டால் கண்ணாடி முழுதும் வெளுத்துப்போய், சாலையே தெரியாமல் திண்டாடியதைப் பழைய டிரைவர்கள் இன்றும் சொல்வார்கள். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆவது விதி இதற்கு முடிவு கட்டியது. அந்த விதிகள் அமலுக்கு வந்து 3 ஆண்டுகளுக்குப் பிறகு தயாராகும் கார்களுக்கு முன் கண்ணாடி லாமினேட்டட் ஆகத்தான் இருக்க வேண்டும் என்றானது. முன் கண்ணாடி குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்பதும் அதே விதிதான்.

சுண்டைக்காய் கால் பணம்...

புள்ளியாக இருக்கும்போது செலவு மிகக் குறைவு. காயத்தில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, ரெசின் என்னும் பிசினை உள்ளே செலுத்தி, புற ஊதா விளக்கில் காய வைக்கிறார்கள். அரை மணி வேலை. சில நூறு ரூபாய். ஆனால் காயம் ஒரு நாணய அளவுக்குள் இருக்க வேண்டும். கண்ணாடியின் ஓரத்திலோ, டிரைவரின் பார்வைக்கு நேராகவோ இருக்கக் கூடாது. தூசியும் மழை நீரும் உள்ளே இறங்கிவிட்டால் பிசின் பிடிக்காது. ஆகவே, பட்டறைக்குப் போகும் வரை புள்ளியின் மேல் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டி வைப்பது நல்லது. மும்பை மழைக்காலத்தில் இது மிகவும் அவசியம்.

கோடு ஓடிவிட்டால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. சிறிய கார்களுக்குக் கண்ணாடியும் பொருத்துகூலியும் சேர்ந்து சில ஆயிரங்களில் முடியும். மழை சென்சார், கேமரா உள்ள புதிய மாடல்களில் செலவு பல பத்தாயிரங்களைத் தொடும். அந்தக் கேமரா கண்ணாடிக்குப் பின்னால் இருந்து சாலையைப் பார்ப்பதால், கண்ணாடியை மாற்றிய பிறகு அதைத் திரும்பவும் சரிபார்த்து அமைக்க வேண்டும். அதற்குத் தனிக் கூலி.

குர்லா சி.எஸ்.டி. ரோடு போன்ற உதிரி பாகக் கடைத்தெருக்களில் விலை குறைவாகக் கிடைக்கலாம். வாங்கும்போது கண்ணாடியின் மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், ஐ.எஸ். 2553 என்ற தர எண்ணும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பொருத்தும் வேலையும் முன்போல் இல்லை. பழைய ஃபியட் டாக்சியில் கண்ணாடியைப் பிடித்து நிறுத்தியது ரப்பர் பீடிங். கயிறு ஒன்றைக் கொடுத்து இழுத்தே உட்கார வைத்துவிடுவார்கள். மும்பையின் கடைசி ஃபியட் டாக்சி 2023 அக்டோபரில் சாலையை விட்டு விடைபெற்றது. இன்றைய கார்களில் பாலியூரித்தேன் பசையால் ஒட்டுகிறார்கள். பசை இறுகும் முன் வண்டியை எடுக்கக் கூடாது. எத்தனை மணி நேரம் என்பது பசையைப் பொறுத்தது. பட்டறையில் கேட்டுக்கொள்ள வேண்டும். விபத்தில் காரின் கூரை நசுங்காமல் தாங்குவதிலும், முன் சீட்டுக்காரரின் காற்றுப்பை சரியாக விரிவதிலும் இந்தக் கண்ணாடிக்குப் பங்கு உண்டு. அவசரப்பட்டால் உயிருக்கே ஆபத்து.

இன்சூரன்ஸ்: லாபமா, நஷ்டமா?

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் எடுத்திருந்தால் கண்ணாடிக்கு ஒரு காசும் வராது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்திருந்தால் வரும். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. சொந்த உபயோகக் கார்களுக்கு, 1,500 சி.சி. வரை ரூ.1,000, அதற்கு மேல் ரூ.2,000 உரிமையாளர் கைப்பொறுப்பு.

ஆனால் கிளெய்ம் வாங்கினால், கிளெய்ம் இல்லாத வருடங்களுக்குக் கிடைக்கும் போனஸ் போய்விடும். முதல் ஆண்டுக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, 50 என்று ஏறிக்கொண்டே போகும் தள்ளுபடி அது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சொந்தச் சேதப் பிரீமியம் ரூ.10,000 என்றும், அது மாறாமல் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். தற்போது 25 சதவீத போனஸ் உள்ள கார். கிளெய்ம் வாங்காவிட்டால் அடுத்த 3 ஆண்டுகளில் தள்ளுபடி 3,500, 4,500, 5,000, ஆக ரூ.13,000. வாங்கினால் முதல் ஆண்டு ஒன்றுமில்லை, பிறகு 2,000, 2,500, ஆக ரூ.4,500. வித்தியாசம் ரூ.8,500. கண்ணாடி பில் ரூ.6,000 என்றால் இன்சூரன்சில் வருவது ரூ.5,000. அதாவது 5,000 வாங்கி 8,500 இழக்கிறோம்!

அதே கார் போனஸ் எதுவும் சேராத முதல் ஆண்டில் இருந்தால், இதே முறையில் இழப்பு ரூ.3,500 மட்டுமே. அப்போது கிளெய்ம் லாபம். கண்ணாடி விலை ரூ.40,000 என்றால் யோசிக்கவே தேவையில்லை. போனஸைக் காப்பாற்றும் தனிச் சேர்க்கை பாலிசியில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சம்பளத்தில் பிடிக்கலாமா?

சங்கரன்கோவில்காரர் விஷயத்துக்கு வருவோம். கண்ணாடி மாற்றிய செலவு ரூ.6,000 என்று முதலாளி சொன்னார். மாதம் 2,000 வீதம் 3 மாதம் சம்பளத்தில் பிடிப்பதாகவும் சொல்லிவிட்டார். வண்டி பட்டறையில் நின்ற நாளுக்குப் பேட்டாவும் இல்லை. ஊருக்கு அனுப்பும் பணம் இரண்டு மாதம் குறைந்தது. "பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் இப்படி ஆகிவிட்டதே" என்று மனைவி போனில் வருத்தப்பட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது? 1936ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டமும், அதன் இடத்துக்காக 2019இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பும் இதில் ஒரே குரலில் பேசுகின்றன. தொழிலாளியிடம் ஒப்படைத்த பொருளுக்கு அவருடைய கவனக்குறைவால் நேரடியாகச் சேதம் வந்தால் மட்டுமே சம்பளத்தில் பிடிக்கலாம். அப்போதும் அவருடைய விளக்கத்தைக் கேட்ட பிறகுதான் பிடிக்க வேண்டும்; சேதத்தின் மதிப்புக்கு மேல் பிடிக்கக் கூடாது. முன்னால் போன லாரியிலிருந்து தெறித்த கல், பின்னால் வந்தவரின் கவனக்குறைவு ஆகுமா?

மூன்றாம் மாதம், ஸ்டாண்டு நண்பர்கள் சொன்னபடி, அவர் முதலாளியிடம் பட்டறை பில்லைக் காட்டச் சொன்னார். பில் வந்தது. மொத்தம் ரூ.6,000தான். ஆனால் அதில் ரூ.4,700 இன்சூரன்ஸ் கம்பெனி செலுத்தியது. முதலாளி கையிலிருந்து போனது ரூ.1,300. டிரைவரிடம் அதுவரை பிடித்திருந்ததோ ரூ.4,000!

"எனக்குப் போனஸ் போய்விட்டதே" என்றார் முதலாளி. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கிளெய்ம் வாங்குவது என்று முடிவு செய்தவர் அவர்தான். புள்ளியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னவரும் அவரே. "நான் அன்றைக்கே சொன்னேனே" என்றார் டிரைவர். "எப்போது சொன்னாய்?" என்று திருப்பிக் கேட்டார் முதலாளி. வாய்ப் பேச்சுக்குச் சாட்சி இல்லை.

மூன்றாம் மாதப் பிடித்தம் நின்றது. பிடித்ததில் ரூ.2,000 திரும்பி வந்தது. மீதி வரவில்லை. வேலை போய்விடக் கூடாதே என்று அவரும் மேலே கேட்கவில்லை.

இப்போது அவர் தினமும் காலையில் சாவியை வாங்கியதும், சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டுவதற்கு முன், முன் கண்ணாடியைச் செல்போனில் ஒரு படம் பிடித்து முதலாளிக்கு அனுப்பிவிடுகிறார். வழியில் கல் பட்டால், வண்டியை ஓரமாக நிறுத்தி, இடமும் நேரமும் எழுதி இன்னொரு படம். டேஷ்போர்டுக்குள் ஒரு சுருள் செல்லோடேப்பும் வைத்திருக்கிறார். அதன் விலை 20 ரூபாய்.