ஆராய்ச்சிக்குக் காசு யார் தாறது?

சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் மருந்தெடுக்க ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வாங்கில் குந்தி இலக்கம் கூப்பிடும்வரை காத்திருக்கும்போது கோப்பும் பேனையுமாக ஒரு பிள்ளை வருவார். “அம்மா, சின்ன ஆராய்ச்சி ஒன்று. கொஞ்சம் இரத்தம் எடுப்போம். இதில ஒரு கையெழுத்துப் போடுங்க.” நாலைந்து பக்கத் தாள். அம்மாவின் காதெல்லாம் இலக்கம் கூப்பிடும் பக்கம். கையெழுத்து விழுந்துவிடும்.

பெரும்பாலும் அதனால் ஒரு கெடுதியும் வராது. நம்மைப் போன்றவர்கள் கொடுத்த இரத்தத்தால்தான் நமது நோய்களைப் பற்றிய அறிவே வளர்ந்தது. ஆனாலும் பேனையை வாங்குமுன் கேட்க வேண்டியது ஒன்றிருக்கிறது: இந்த ஆராய்ச்சிக்குக் காசு யார் தருகிறார்கள்? இது வெற்றி பெற்றால் இலாபம் யாருக்கு?

ஒரு விரிவுரையாளருக்கு மருந்துக் கம்பனியில் பங்கு இருக்கிறது. அதே கம்பனியின் மருந்தை அவரே பரிசோதிக்கிறார். ஆய்வுகூடத்துக்கு இரசாயனம் வாங்கும் டெண்டர் குழுவில் ஒருவர் இருக்கிறார். விலை கொடுத்த மூவரில் ஒருவர் அவருடைய மச்சான். பேராசிரியர் தொடங்கிய கம்பனிக்குத் தேவையான மென்பொருளை மாணவர் ‘ஆய்வுத் திட்டம்’ என்ற பெயரில் எழுதிக் கொடுக்கிறார்; அந்த மாணவருக்குப் புள்ளி போடுகிறவரும் அதே பேராசிரியர்தான். இவற்றையே நலன் முரண்பாடு என்கிறோம். இது களவல்ல. நேர்மையான மனிதரும் இந்த நிலைக்குள் வந்துவிடலாம். அரசு தரும் பணம் போதாமல் பல்கலைக்கழகங்களே தொழில்துறையோடு சேருங்கள் என்று தங்கள் ஆட்களைத் தள்ளும் காலத்தில், வராமல் இருப்பதுதான் அதிசயம். மறைப்பதும், மறைத்துக்கொண்டே முடிவெடுக்கும் கதிரையில் இருப்பதும்தான் குற்றத்தின் தொடக்கம்.

உலகமே இதைப் பாடமாகப் படித்தது ஒரு பதினெட்டு வயதுப் பையனின் சாவில். ஜெஸ்ஸி கெல்சிங்கர் அமெரிக்காவின் அரிசோனாவைச் சேர்ந்தவர். பிறவியிலேயே ஈரல் நோய். ஆனால் மாத்திரையிலும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டிலும் சமாளித்துக்கொண்டிருந்தார். 1999 செப்டெம்பரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மரபணுச் சிகிச்சைப் பரிசோதனையில் தானாக முன்வந்து சேர்ந்தார். ஊசி ஏற்றி நான்காம் நாள், 17ஆம் திகதி, இறந்துபோனார். பிறகுதான் பலர் கவனித்தார்கள்: பரிசோதனையை நடத்திய மரபணுச் சிகிச்சை நிலையத்தின் இயக்குநர் ஜேம்ஸ் வில்சன் ‘ஜெனோவோ’ என்ற கம்பனியைத் தொடங்கியவர், அதில் அவருக்கும் பங்கு, பல்கலைக்கழகத்துக்கும் பங்கு.

இந்தக் கதையில் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. அவர்கள் அதை முற்றாக மறைக்கவில்லை. ஆராய்ச்சி வெற்றி பெற்றால் இன்னின்னாருக்குப் பண நலன் உண்டு என்று நீண்ட ஒப்புதல் படிவத்தில் ஒரு வாக்கியம் இருக்கத்தான் செய்தது. படிவத்தில் அச்சடித்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணியவர்கள் அதை வாய்திறந்து, விளங்கும்படி சொல்லவில்லை. அமெரிக்காவிலேயே அந்தக் கதி என்றால், பரபரப்பான கிளினிக்கில், மொழி சரியாகப் புரியாத படிவத்தோடு இருக்கும் நம் ஆட்களை யோசித்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் இதே கேள்வி வேறு உருவில் வந்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆர். ஜெகநாதனைப் பொலிஸார் 2023 டிசம்பர் 26இல் கைது செய்தார்கள். துணைவேந்தரும் பதிவாளரும் வேறு சில பேராசிரியர்களும் சேர்ந்து ‘பூட்டர் பவுண்டேஷன்’ என்ற அமைப்பைக் கம்பனியாகப் பதிந்து, பல்கலைக்கழக வளங்களை அதற்குப் பயன்படுத்தப் பார்த்தார்கள் என்பது முறைப்பாடு. அது இலாப நோக்கற்ற கம்பனியாகவே பதியப்பட்டிருந்தது. அவருக்குப் பிணை கிடைத்தது. வழக்கை எதிர்த்து உயர் நீதிமன்றமும் போனார். குற்றச்சாட்டு வேறு, நிரூபணம் வேறு. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது: இலாபம் இல்லாத கம்பனி என்றாலும், வளம் கொடுக்கும் பக்கத்திலும் வாங்கும் பக்கத்திலும் ஒரே ஆள் இருந்தால் சந்தேகம் எழத்தான் செய்யும்.

இலங்கையில் சட்டம் இப்போது முன்னைவிடத் தெளிவு. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அந்த வருடம் செப்டெம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. 1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் சொத்து, பொறுப்புகள் வெளிப்படுத்தல் சட்டமும் அதோடு நீங்கின. நலன் முரண்பாட்டோடு பதவியைப் பயன்படுத்தி முடிவெடுப்பது இந்தச் சட்டத்தில் தனிக் குற்றம். அரச பல்கலைக்கழகங்களின் கணக்கைக் கணக்காய்வாளர் நாயகம் பார்க்கிறார். பாராளுமன்றத்தின் ‘கோப்’ குழு அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்கிறது. இதில் அகப்பட்டவர்கள் பிறகு சொல்வது ஒரே வார்த்தைதான்: “எங்களுக்கு விளங்கவில்லை.”

பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிறவருக்கு இதில் விளங்காமல் போக ஒன்றுமில்லை. வெளியில் சம்பளமோ பங்கோ ஆலோசனைக் கட்டணமோ, மனைவி பிள்ளைகளின் பெயரில் வியாபாரமோ இருந்தால் பீடாதிபதிக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு பிரதி வாங்கி வையுங்கள். அந்த விடயம் குழுவில் வரும்போது எழுந்து வெளியே போங்கள். போனதாகக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். நம்மூரில் சங்கடம் இங்கேதான். கூடவே படித்த சிநேகிதர்கள் நிறைந்த கூட்டத்தில் ‘எனக்கு இதில் சம்பந்தம் இருக்கிறது’ என்று சொல்ல நா எழாது. ‘எங்கட ஆள்தானே’ என்று மற்றவர்களும் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

நோயாளியாகவோ பங்கேற்பாளராகவோ இருக்கிறவருக்கு, 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஏற்று, பிறகு பலமுறை திருத்திய ஹெல்சிங்கி பிரகடனம் துணையிருக்கிறது. பணம் எங்கிருந்து வருகிறது, ஆய்வாளருக்கு நலன் முரண்பாடு உண்டா என்பதைப் பங்கேற்பாளருக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது அது. தமிழில் படிவம் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்து, பிள்ளைகளிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லலாம். இடையில் விலகவும் உரிமை உண்டு; அதற்காக வழமையான மருந்தை யாரும் நிறுத்த முடியாது. புது மருந்துப் பரிசோதனை என்றால் 2006 முதல் இயங்கும் இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் அதன் பெயரைத் தேடிப் பாருங்கள்; அனுசரணையாளர் யாரென்று அங்கே இருக்கும். சந்தேகம் தீராவிட்டால் படிவத்தில் பெயர் போட்டிருக்கும் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவுக்கு எழுதுங்கள்.

வெளியே நின்று கேட்கிறவருக்குக் கைகொடுப்பது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தனியார் பல்கலைக்கழகங்களும் இதற்குள் வரும். பிள்ளையின் கட்டணத்துக்காக நகையை அடகு வைக்கும் பெற்றோர் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. “ஊழல் நடக்கிறதா?” என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேளுங்கள். இன்ன திகதி டெண்டர் குழுவின் கூட்டக் குறிப்பு, உறுப்பினர்கள் கொடுத்த நலன் வெளிப்படுத்தல் படிவம், இன்ன ஆய்வுக்கு இன்ன கம்பனியோடு செய்த ஒப்பந்தம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு; அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ‘வர்த்தக இரகசியம்’, ‘தனிப்பட்ட விடயம்’ என்று சாட்டுச் சொல்வார்கள். பொதுநலன் பெரிதாக இருந்தால் அந்த விலக்குகள் நிற்காது என்று அதே சட்டத்தில் இருப்பதை மேன்முறையீட்டில் எடுத்துச் சொல்லுங்கள்.

கையில் ஆவணம் இருந்தால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அழைக்கலாம், அல்லது எழுதிப் போடலாம். தகவல் தருபவருக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. தெரிந்துகொண்டே பொய் முறைப்பாடு செய்வதும் அதே சட்டத்தில் குற்றம். ஆகவே கண்டது எது, கேள்விப்பட்டது எது என்று பிரித்து எழுதி, மூலப் பத்திரங்களைக் கொடுக்காமல் பிரதிகளை மட்டும் இணையுங்கள்.